கை படாமல் தின்ற கடலை

பட்டன் பிரிவில் வேலை செய்கிறவளின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். காரணம் வேர்க்கடலையாம். குழந்தை தின்னவில்லை, அதற்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. தாய்க்காரி தின்றாளாம். அது பாலில் இறங்கிவிட்டதாம்.

இதைச் சொன்னது ரேடியோ அக்கா. சலவைப் பிரிவில் ஒருத்தி சொல்ல அவள் கேட்டாள். சலவைக்காரிக்குச் சொன்னது வாட்ச்மேனின் மனைவி. வாட்ச்மேனின் மனைவிக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் மட்டும் ரேடியோ அக்காவுக்கு மூக்கு விடைத்துவிடும்.

"நான் என்ன கதையா கட்டுறேன்? வேணும்னா அவளையே கேட்டுக்கோ. புள்ளையோட ஆஸ்பத்திரியில கெடக்கா, லீவு போட்டுட்டு."

மூலை மெஷின்காரி அப்போதுதான் ஒரு கரண்டி கடலையை வாயில் போட்டிருந்தாள். விழுங்கவும் தோன்றவில்லை, துப்பவும் வழியில்லை. துப்பலாம் என்றால் சுற்றிலும் வெள்ளைத் துணி. வாய்க்குள்ளேயே வைத்திருந்து, ரேடியோ அக்கா தலையைத் திருப்பியதும் மெல்லாமல் அப்படியே முழுங்கினாள். தொண்டைக்குழியில் அது கல்லாக இறங்கியது.

அது ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் போர்வை உறையும் தைக்கிற கூடம். அங்கே வெள்ளையைத் தவிர வேறு நிறம் நூலுக்குக்கூடக் கிடையாது. வாசலில் ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணி ஒன்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். உள்ளே வருகிறவர்கள், டீ இடைவேளை முடிந்து திரும்புகிறவர்கள், யாராக இருந்தாலும் இரண்டு உள்ளங்கையையும் அதில் அழுத்திக் காட்ட வேண்டும். சுவடு விழுந்தால் போய்க் கையைக் கழுவிவிட்டு வர வேண்டும். அந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் சாட்சி. "போடி, சாட்சி உன்னைக் காட்டிக் குடுத்துடுச்சு" என்று சிரிப்பார்கள். சூப்பர்வைசர் சிரிக்க மாட்டார்.

பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய புதிதில் மூலை மெஷின்காரிக்குப் பசி என்றால் அப்படியொரு பசி. சோறு தின்ற கை காய்வதற்குள் மறுபடி வயிறு இரையும். எதைத் தின்றாலும் சாட்சி காட்டிக் கொடுத்தது. பேரீச்சம்பழம் பிசுபிசுத்தது. கடலை எண்ணெய் விட்டது. முட்டை வாசம் போக இரண்டு முறை சோப்புப் போட வேண்டியிருந்தது. அதற்குள் இடைவேளை முடிந்துவிடும். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா, அதற்குள் ஒரு குட்டிக் கரண்டி. வீட்டிலேயே தோல் நீக்கிய கடலை, பொடியாக நறுக்கிய பேரீச்சை, வறுத்த கொண்டைக்கடலை. கை படாமல் கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். சாட்சிக்கு ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் போவார், அவருடைய துணி வெள்ளையாக இருந்தால் போதும்.

வதந்தி வந்த அன்றைக்கு அந்த டப்பா மூடிக்கொண்டது. கடலையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ரேடியோ அக்கா நல்ல மனசுக்காரி. ஒரு ஆபத்தைச் சொன்னவள் மற்றதையும் சொல்லாமல் விடுவாளா? முட்டை சூடு, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். வாழைப்பழம் குளிர்ச்சி, சளி பிடிக்கும். கொண்டைக்கடலை வாயு, பிள்ளை காலை மடக்கிக்கொண்டு வீறிடும். பேரீச்சை தின்றால் உடம்பில் கட்டி வரும் என்று எங்கேயோ ஒருத்திக்கு யாரோ சொன்னார்களாம்.

"அப்போ என்னதான்க்கா திங்கிறது?"

"டீ குடி, ரஸ்க் தின்னு. ரஸ்க்கால யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அவள் படிக்காதவள் இல்லை. இரண்டு மொழியில் எழுதப் படிக்கத் தெரியும். டப்பாக்களின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் வாசிக்கிறவள்தான். ஆனால் தூளியில் கிடக்கிற அந்த இத்தனூண்டு முகத்தை நினைத்தால் படிப்பெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. 'ஒருவேளை உண்மையா இருந்துட்டா?' என்ற ஒரே கேள்விதான் மிஞ்சியது. டப்பாவில் குண்டூசி போட்டு வைத்தாள்.

*

வீடு, கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் கட்டில், நடுவில் தூளி. புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். வந்தால் தூங்குவான், போனால் போனில் "நல்லாச் சாப்பிடும்மா" என்பான். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவனுடைய அக்கா, இவளுக்கு அண்ணி முறை.

அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்பாள். போன் அடித்தால் முதல் மணி அடங்குவதற்குள் "சொல்லு" என்பாள். தினமும் மத்தியானம் காலிப் பாட்டிலோடு கூடத்தின் கேட்டுக்கு வருவாள். மூலை மெஷின்காரி நூல் கிடங்கில், நூல்கண்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சி நிரப்பிக் கொடுப்பாள். பகல் முழுக்கத் தன் மகளுக்கென்று அவளால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு பாட்டில்தான்.

வேலைக்கு வந்த புதிதில் பாட்டில் வழிந்தது. பாட்டிலோடு நிற்காமல் ரவிக்கையும் நனைந்தது. மடியில் கிடக்கிற விரிப்பில் சொட்டு விழும். பச்சையாக இருக்கும்போது அந்தக் கறை கண்ணுக்கே தெரியாது. இஸ்திரி மேசைக்குப் போய்ச் சூடு பட்டதும்தான் மஞ்சளாய், வட்டமாய்ப் பூக்கும். அதற்கு இஸ்திரிக்கார அண்ணன் நிலா என்று பெயர் வைத்திருந்தார்.

"மூலை! உன் பக்கத்துல இருந்து நிலா வந்திருக்கும்மா!"

கூடமே சிரிக்கும். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். விரிப்பு திரும்பச் சலவைக்குப் போகும். சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா நீ வீட்டோடயே இருந்துக்க வேண்டியதுதாம்மா" என்று சொல்லியிருந்தார்.

ரஸ்க்கும் டீயுமாக நாட்கள் போனபின் ஒரு நாள் அவரே அவள் மெஷின் பக்கம் வந்து நின்றார். அவள் மடியில் கிடந்த விரிப்பை அவசரமாகப் புரட்டிப் பார்த்தாள். அவரோ சிரித்தார்.

"பரவாயில்லையேம்மா. இப்பல்லாம் உன் துணியில ஒரு கறைகூட வர்றதில்ல. மத்தவங்களுக்கு உன்னைத்தான் உதாரணமாச் சொன்னேன்."

அவர் போனபின் அவள் மெஷினை ஓட்டவில்லை. குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. காலையிலிருந்து காய்ந்துதான் கிடந்தது.

அன்று மத்தியானம் நூல் கிடங்கில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தும் பாட்டிலின் அடிதான் மறைந்தது. மகள் முகத்தை நினைத்துப் பார்த்தாள், இடுப்பில் செருகியிருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள், கண்ணை மூடினாள். நெஞ்சு வலித்ததே தவிரச் சுரக்கவில்லை. வெளியே அண்ணி கேட் கம்பியைத் தட்டினாள்.

"என்ன இது, கண்ணுக்கு மருந்தா?"

"இன்னிக்கு இவ்வளவுதான் அண்ணி."

"நேத்தும் இதைத்தான் சொன்னே. புள்ள சப்பிச் சப்பிப் பாத்துட்டு அழுவுறா. அழக்கூடத் தெம்பில்லாம அப்படியே தூங்கிடுறா. இதுல நான் என்னத்தடி செய்ய? டின் பால் வாங்குறேன், விடு."

"வேண்டாம் அண்ணி. இன்னும் கொஞ்ச நாள்."

"என் ரெண்டும் டின் பால்லதான் வளந்துச்சுங்க. இப்போ வாசல் நிலையில தலை இடிக்குதுங்க. உனக்கு மட்டும் என்ன அப்படியொரு வீம்பு?"

வீம்பா, பயமா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் தூங்குகிற பிள்ளையை விட்டுக் கிளம்பி, சாயங்காலம் தூங்கப்போகிற பிள்ளையிடம் திரும்புகிறாள். அந்தப் பாட்டிலும் இல்லையென்றால் இடையில் தான் யார் என்று அவளுக்குத் தோன்றியது. இதைக் கேட் கம்பிக்கு அப்பால் நிற்கிற அண்ணியிடம் எப்படிச் சொல்வது?

*

எடை பார்க்கிற நாள். ஆஸ்பத்திரித் தராசுத் தட்டில் மகளைக் கிடத்தியபோது முள் போன தடவை நின்ற இடத்துக்கே போய் நின்றது. நர்ஸ் தட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். முள் அசையவில்லை. பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே இருந்த மடிப்பு காணாமல் போயிருந்தது.

"புள்ள சரியாத்தான் குடிக்குது. ஒனக்குத்தான் என்னமோ. காலையில என்ன சாப்பிட்டே?"

"டீ."

"டீயோட?"

"ரஸ்க்."

"அப்புறம்?"

"மத்தியானம் கொஞ்சம் சோறு, சிஸ்டர்."

"நடுவுல?"

"நடுவுல தண்ணி."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏம்மா, ஒரு உசுரு ரெண்டு உசுருக்கு உழைக்குது. ரஸ்க்குல அது ஓடுமா? முட்டை, கடலை, தயிர், பேரீச்சை, வாழைப்பழம், எது கைக்குக் கெடைக்குதோ அதை எடுத்து வாயில போடு. உக்காந்து எல போட்டுத் திங்கச் சொல்லல. ஒரு பக்கம் புள்ள குடிக்கணும், இன்னொரு பக்கம் நீ திங்கணும். அவ்வளவுதான்."

"அதெல்லாம் ஆகாதுன்னு சொல்றாங்களே."

"யாரு?"

"வேலை செய்யற எடத்துல ஒரு அக்கா."

"அவங்க பால் குடுக்கிறாங்களா?"

"இல்ல சிஸ்டர். தகவல் குடுக்கிறாங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். ஆனால் இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். கடலைக் கதையை முழுதும் கேட்டாள்.

"இதோ பாரு. எங்கயாவது ஒரு குழந்தைக்கு ஒண்ணு ஒத்துக்காமப் போகலாம். இல்லேன்னு நான் சொல்லமாட்டேன். அப்படித் தடிப்பு வந்தா, ரத்தமா வெளிக்குப் போனா, ஒடனே தூக்கிட்டு வா. ஒண்ணும் வராதப்பவே எல்லாத்தையும் நிறுத்திட்டுப் பட்டினி கெடக்கக் கூடாது. அடுத்த தடவை முள்ளு நகரலேன்னா டின் பால் சேர்த்துத்தான் ஆகணும், இங்க படுக்க வெச்சும் பாக்கணும். டின் பால்ல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா நீ தின்னாத்தான் எதுவும் நடக்கும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் நர்ஸ் சொன்ன அத்தனையும் காற்றில் போய், 'எங்கயாவது ஒரு குழந்தைக்கு' என்பது மட்டும் காதில் நின்றது. அந்த ஒரு குழந்தை தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறதோ என்று கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வியர்க்குரு ஒன்று விரலில் பட்டது. தெரு நடுவில் நின்று, அது வியர்க்குருதான் என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

*

பட்டன்காரி லீவு முடிந்து வந்தாள். நூல் கிடங்கில் இவள் பாட்டிலோடு போராடிக்கொண்டிருக்கும்போது நூல்கண்டு எடுக்க உள்ளே நுழைந்தாள். குண்டுக் கன்னம், காதுவரை சிரிக்கிற பெண்.

"பாப்பாவுக்கு இப்போ எப்படி இருக்கு?" மூலை மெஷின்காரியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அவனுக்கென்ன, கொழுகொழுன்னு கெடக்கான். நான் லீவு போட்டது எங்க அப்பாவுக்கு ஆபரேஷன்னு."

"உடம்பெல்லாம் தடிச்சு ஆஸ்பத்திரிக்கு..."

"ஓ, அதுவா! அது அப்பவே போயிடுச்சே. மூட்டைப்பூச்சி! எங்க வீட்டுக்காரர் எவன்கிட்டயோ பழைய கட்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. ஒரே ராத்திரியில புள்ளையப் பதம் பாத்துடுச்சு. பயந்துபோய்த் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் பாத்துட்டு, மருந்தெல்லாம் புள்ளைக்கு வேணாம், கட்டிலுக்கு அடிங்கன்னாரு."

"அப்போ வேர்க்கடலை?"

"எந்த வேர்க்கடலை?"

பட்டன்காரி யோசித்தாள். பிறகு நூல்கண்டுகளைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடக் கடவுளே! அங்க வரிசையில உக்காந்திருந்தேனா, பசி உசுரு போகுது. வாசல்ல ஒரு பொட்டலம் கடலை வாங்கித் தின்னேன். வாட்ச்மேன் பொண்டாட்டியும் அங்கதான் இருந்துச்சு. 'புள்ள இப்படிக் கெடக்கு, நீ கடலை கொறிக்கிறியே'ன்னுச்சு. 'பால் குடுக்கிறவ தின்னுதான்க்கா ஆகணும்'னேன். இம்புட்டுதான் நடந்துச்சு. அதுக்கா கண்ணு, காது, மூக்கெல்லாம் வெச்சுட்டாங்க?"

மூலை மெஷின்காரியால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பெண் பசிக்குத் தின்ற ஒரு பொட்டலக் கடலை இங்கே வந்து சேர்ந்து இவளைப் பட்டினி போட்டிருக்கிறது. அந்த மணிக்கட்டு மடிப்பு போனது அதில்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், கண்ணீர் அதில் விழுந்துவிடக் கூடாதே என்று.

"ஏய், என்ன ஆச்சு? நான் என்னடி தப்பாச் சொன்னேன்?"

"ஒண்ணுமில்ல. உங்க கட்டிலுக்குத்தான் நன்றி சொல்லணும்."

விஷயத்தை ரேடியோ அக்காவிடம் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "அப்படியா சங்கதி? சரி, கடலையை விடு. முட்டை சொன்னது வேற ஆளு. அது நெசம்."

*

குண்டூசி டப்பாவைக் கழுவினாள். ஆனால் பயம் கழுவினால் போகிற சாதியில்லை. முதலில் வாழைப்பழம் தின்றாள். மகளின் மூக்கில் காதை வைத்துக் கேட்டாள், சளி இல்லை. பிறகு முட்டை. வெந்த முட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கரண்டியால் தின்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பேரீச்சை வந்தது, கொண்டைக்கடலை வந்தது, தயிர் வந்தது. பிள்ளை குடிக்கும்போது இன்னொரு கையால் தின்னப் பழகினாள். மகளின் உச்சந்தலையில் தயிர் சிந்தியபோது அண்ணி, "அபிஷேகமா நடக்குது?" என்றாள். பாட்டிலில் பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனாலும் பழைய உயரத்துக்கு வரவில்லை.

வேர்க்கடலை மட்டும் அலமாரியில் பொட்டலம் பிரியாமல் கிடந்தது. மூட்டைப்பூச்சிதான் என்று தெரியும். தன் காதால் கேட்டாள். இருந்தும் கை போகும்போதெல்லாம் நர்ஸ் சொன்ன அந்த 'எங்கயாவது ஒரு குழந்தை' குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

மறுபடி எடை பார்க்கிற நாள் வந்தது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மத்தியானப் பாட்டிலை வாங்கிக்கொண்டு அண்ணியே கொண்டுபோவதாக ஏற்பாடு. காலையில் தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். மடிப்பு வந்திருக்கிறதா, வரவில்லையா? பார்க்கிற கோணத்துக்குத் தகுந்தபடி இருந்தது. முள் நகராவிட்டால்? அந்த நினைப்பிலேயே அலமாரியைத் திறந்து, கடலையைத் தோல் நீக்கி, டப்பாவில் நிரப்பிக்கொண்டு போனாள். இவ்வளவு நாள் பயந்தாகிவிட்டது. பயந்ததற்கும் பலன் பட்டினிதான்.

வேலை தொடங்குமுன் வாசலிலேயே ஒரு கரண்டி. டீ இடைவேளையில் டப்பா காலியாகும்வரை. சாட்சித் துணியில் கையை அழுத்தினாள். சுவடில்லை. மத்தியானம் நூல் கிடங்கில் பாட்டில் தோள்வரை நிறைந்தது.

அண்ணி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அட! இன்னிக்கு எந்தச் சாமி கண்ணைத் தொறந்துச்சு?"

கடலை என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணி பயந்துவிட்டால்? பாலைக் கீழே கொட்டிவிட்டால்? "நல்லாச் சாப்பிட்டேன் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். "முள்ளு எங்க நிக்குதுன்னு போன் பண்ணுங்க."

"உன் போன்தான் வாசல்ல பையில தொங்குமே, உள்ள கொண்டுபோக விடமாட்டாங்களே."

"பரவாயில்ல. வெளிய வந்ததும் பாப்பேன்."

அண்ணி தெருமுனை திரும்பியபோது, அவள் பின்னால் ஓடிப் பாட்டிலைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் கூடம் அடங்குகிற நேரத்தில் இஸ்திரி மேசைப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"மூலை! எத்தனை நாளாச்சு, நிலா வந்துடுச்சும்மா!"

எல்லாரும் திரும்பினார்கள். அவள் மேசைக்கு ஓடினாள். போர்வை உறையின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சளாய், வட்டமாய். இஸ்திரிக்கார அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, "மாருக்குள்ள மடிச்ச துணி வெச்சுட்டு வாம்மா, நானும் எத்தனை தடவைதான் சொல்றது" என்றார். சூப்பர்வைசர் அந்தக் கடைசியிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"இதுக்குத்தான் உன்னை எல்லாருக்கும் உதாரணம் சொன்னேனா?"

"சார், நாளைக்கு நானே துவைச்சுக் குடுத்துடறேன் சார்."

"நாளைக்கு நீ வந்தா பாத்துக்கலாம்" என்றார் அவர்.

அது அவள் காதில் முழுதாக விழவில்லை. ரவிக்கை நனைந்திருந்தது, இரண்டு பக்கமும். முள் இன்று நகரும், நகராமல் போகாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மணி அடித்ததும் முதல் ஆளாக வாசலுக்கு வந்து, சுவரில் தொங்கிய பைகளில் தன் பையைத் தேடிப் போனை எடுத்தாள்.

அண்ணியின் அழைப்புகள். ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரை முழுக்க அண்ணி. ஒரு எடையைச் சொல்ல ஒருத்தி இத்தனை தடவையா கூப்பிடுவாள்? கடைசி அழைப்பு வந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

உள்ளே இருந்த சந்தோஷம் அப்படியே உறைந்தது. அழுத்தினாள். மணி போனது. அண்ணிதான் முதல் மணி அடங்குமுன் எடுக்கிறவள் ஆயிற்றே. இரண்டாவது மணி போனது. அதற்கு மேலும் போய், தானாக நின்றது.

மறுபடி அழுத்தினாள்.

"என்னடி, முகமே சரியில்ல?" ரேடியோ அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே நின்றாள். "புள்ளைக்கு ஏதாவதா? நீ இன்னிக்கு டப்பாவுல என்னமோ தின்னியே, கடலையா அது?"

அவளுடைய மறு கை பிடிமானம் தேடி, சாட்சியைக் கட்டியிருந்த சட்டத்தில் போய் ஊன்றியது. உள்ளங்கை வியர்வை முழுவதையும் வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டது. மணி போய்க்கொண்டிருந்தது.

"எடுங்க அண்ணி," என்றாள் போனுக்குள். "என்னவா இருந்தாலும் எடுத்துச் சொல்லிடுங்க."

மணி போய்க்கொண்டே இருந்தது.